ஆஃப்சைடு விதியும் 1925–26 பருவமும்

1925 ஜூனில் கால்பந்தின் ஆஃப்சைடு விதி திருத்தப்பட்டது. அதுவரை, பந்து முன்னே அனுப்பப்படும் நொடியில், அதைப் பெறப்போகிறவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும். இனி இருவர் போதும் என்றானது. இங்கிலாந்து லீகின் முதல் டிவிஷனில் நடந்த 462 ஆட்டங்களில் முந்தைய ஆண்டு விழுந்தவை 1,192 கோல்கள், 1925–26இல் 1,703.

திருத்தம் தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய விதியின் ஓட்டையைக் கலையாகவே வளர்த்தவர் நியூகாசில் யுனைடெட்டின் பில் மெக்ராக்கன். பின்கள வீரர் இருவரில் ஒருவர் சில அடி முன்னேறி நின்றாலே எதிரணியின் முன்கள வீரர்கள் ஆஃப்சைடில் மாட்டுவார்கள். கணக்குத் தப்பினாலும் பின்னால் இன்னொருவர் இருப்பார். அவருக்கும் பின்னால் கோல்கீப்பர். பொறி வைப்பவருக்கு இழப்பே இல்லை. மற்றவர்களும் இதைக் கற்றுக்கொள்ள, ஆட்டம் நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் அடைபட்டு, விசிலுக்கு விசில் நின்றது. புதிய விதியில் பொறி தப்பினால் கோல்கீப்பர் தனியாகத்தான் நிற்பார். தடுப்பவரும் துணிந்தே ஆகவேண்டும் என்ற இந்த நியாயத்தைத்தான் திருத்தத்தின் பெரிய பலமாக நினைக்கிறேன். கோல் மழை அவ்வளவு பெரிய சான்று அல்ல.

ஏனென்றால், அந்தக் கோல்களில் பல தடுமாற்றத்தின் விளைவு. தொடக்க நாளிலேயே ஆஸ்டன் வில்லா பர்ன்லியை 10–0 என வென்றது. தொடர்ந்து மூன்றாம் முறையாகப் பட்டம் வென்று சாதனை படைத்த ஹடர்ஸ்ஃபீல்டு டவுன்கூட, முந்தைய ஆண்டு 28 கோல்களே விட்ட அணி, இம்முறை 60 விட்டது. மான்செஸ்டர் சிட்டி 89 கோல் அடித்தும் 100 வாங்கிக் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. பின்களத்தார் புதிய தூரங்களைப் பழகுமுன்பே பருவம் தொடங்கிவிட்டது. விதியைக் கொண்டுவந்தவர்களின் அவசரத்தைக் குறை சொல்லத்தான் வேண்டும்.

மறுமொழியும் விரைவாகவே வந்தது. அக்டோபர் 3 அன்று ஆர்சனல், நியூகாசிலில் 7–0 எனத் தோற்றது. நடுக்களத்தின் மையத்தில் ஆடும் நடு ஹாஃப்பைப் பின்களத்துக்கு இழுக்க வேண்டும் என்று அந்தக் கோடையில் அணிக்கு வந்த சார்லி புக்கன் வற்புறுத்தினார்; மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் இசைந்தார். நடு ஹாஃப் ஜாக் பட்லர் இரண்டு பின்கள வீரர்களுக்கு நடுவே இறங்கினார். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாமை 4–0 என வென்ற ஆர்சனல், பருவ முடிவில் இரண்டாம் இடம் பிடித்தது. பிற அணிகளும் மெல்ல மெல்ல அந்த வழியில் இறங்கின.

இங்கேதான் விதிமேல் பெரிய குற்றச்சாட்டு எழுகிறது. அதுவரை நடு ஹாஃப் ஆட்டத்தின் அச்சாணி. தடுப்பார், பந்தைப் பகிர்வார், தாக்குதலைத் தொடங்கி வைப்பார். இப்போது எதிரணியின் சென்டர் ஃபார்வர்டுக்குக் காவலாளி ஆனார். பந்து நடுக்களத்தைத் தாண்டி நீளமாகப் பறந்தது. இந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. ஆனால் பழியை விதியின் தலையில் போடுவதை ஏற்க மாட்டேன். வியன்னாவிலும் இதே விதிதான். அங்கே ஆஸ்திரிய அணியின் யோசெஃப் ஸ்மிஸ்டிக் 1930களிலும் பழைய பாணி நடு ஹாஃப்பாக, பந்தைப் பகிர்ந்தே ஆடினார். 1932 டிசம்பரில் லண்டனின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் அந்த அணி இங்கிலாந்திடம் 4–3 என்றுதான் தோற்றது. நடு ஹாஃப்பைப் பின்னுக்கு இழுத்தது தோல்விக்கு அஞ்சிய இங்கிலாந்து கிளப்புகளின் முடிவு. அப்படிச் செய்யும்படி விதி எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.