இழுத்து நிற்கும் வில்லின் அழகு

சிதம்பரம் கோபுர வாயில்களின் உட்சுவர்களில் நாட்டிய சாஸ்திரத்தின் கரணச் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அதே நூல் உடல் நிற்கும் நிலைகளையும் வகுக்கிறது. ஆலீடம், பிரத்யாலீடம் என்ற இரண்டும் படைக்கலம் எய்வதற்கு உரியவை. ஒரு கால் மடங்கும், மறுகால் நீளும், மார்பு விரியும். ஆடலுக்கும் வில்லுக்கும் ஒரே இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. ஜப்பானிய வில்வித்தையான கியூடோவை ரசிக்க இதைவிட நல்ல முன்பாடம் கிடையாது.

கியூடோவின் வில் யுமி. மூங்கிலும் மரமும் ஒட்டிச் செய்வது. நீளம் சுமார் 2.21 மீட்டர், ஆளைவிட உயரம். பிடி நடுவில் இராது. கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். மேல்பாகம் நீண்டும் கீழ்பாகம் குறுகியும் வளைவதே அதன் எழில். நாணை இழுப்பது மான்தோல் கையுறைக்குள் இருக்கும் வலக்கைக் கட்டைவிரல். அந்தக் கையுறையைப் பார்த்தாலே, துரோணர் ஏகலைவனிடம் ஏன் கட்டைவிரலைக் கேட்டார் என்பது விளங்கிவிடும்.

எய்வதற்கு எட்டுப் படிகள். கால் பதிப்பது, உடலை நிமிர்த்துவது, வில்லையும் நாணையும் பற்றுவது, தலைக்கு மேல் உயர்த்துவது, இருபுறமும் விரித்து இழுப்பது, முழு இழுப்பில் நிற்பது, விடுவது, விட்ட பின்னும் நிலை கலையாமல் நிற்பது. ஆறாம் படிக்குக் ‘காய்’ என்று பெயர். அம்பு கன்னத்தை ஒட்டியிருக்கும். நாண் பிடித்த கை காதைத் தாண்டியிருக்கும். அசைவே இல்லாததுபோல் தோன்றும் அந்தச் சில நொடிகளில் இரு தோள்களும் எதிரெதிர்த் திசையில் விரிந்துகொண்டே இருக்கின்றன. கனியின் காம்பு தானே கழல்வதுபோல நாண் விடுபட வேண்டும். விட்டதும் வில் இடக்கைக்குள் தானே சுழல, நாண் முன்கையின் வெளிப்புறம் வந்து நிற்கும்.

இலக்கு 28 மீட்டர் தொலைவில், 36 சென்டிமீட்டர் விட்டத்தில் இருக்கிறது. நடுவில் பட்டாலும் ஓரத்தில் பட்டாலும் மதிப்பு ஒன்றே. புதிதாகச் சேர்ந்தவர் அதன் அருகே போவதில்லை. ரப்பர் வில்லில் கை பழகி, பிறகு இரண்டு மீட்டர் தூரத்து வைக்கோல் கட்டில் எய்கிறார். அங்கே குறி தவற வழியே இல்லை. அதனால் கவனம் முழுக்க உடலின் செம்மைக்குப் போகிறது.

இந்தக் கலை கடல் தாண்டிய கதையும் சுவையானது. 1924 முதல் 1929 வரை செண்டாய் நகரில் தத்துவம் கற்பித்த ஜெர்மானியர் ஆய்கன் ஹெரிகெல், ஆவா கென்ஸோவிடம் வில் பயின்றார். 1948இல் வந்த ஹெரிகெலின் நூல் ஐரோப்பியரைக் கியூடோவின் பக்கம் திருப்பியது. ஆவாவின் சொற்களில் இல்லாத ஜென்னை ஹெரிகெல் ஏற்றிச் சொன்னார் என்ற விமர்சனம் பின்னாளில் ஜப்பானிலிருந்தே எழுந்தது. ஜப்பானிய அரச குடும்பத்துக்கு வில் செய்யும் மரபில் இருபதாம் தலைமுறையான கஞ்சுரோ ஷிபாட்டா, திபெத்திய லாமா சோக்யம் துருங்பாவின் அழைப்பில் 1980இல் அமெரிக்கா சென்று கற்பித்தார். 2006இல் சர்வதேசக் கியூடோ கூட்டமைப்பு உருவானது. ஜெர்மானியரோ அமெரிக்கரோ, பயில்பவர் மாறினாலும் உடலின் ஒழுங்கு மாறவில்லை. உடலில் எழுதிய இலக்கணத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

இனி நம் பக்கம் வருவோம். கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை, அட்டவீரட்டத் தலங்களில் சிவன் திரிபுரம் எரித்த தலம். மேரு வில்லானது, வாசுகி நாணானது, திருமால் அம்பானார். ஆயினும் இறைவன் அம்பு எய்யாமலே சிரித்து மூன்று கோட்டைகளையும் எரித்தார் என்பது தலக் கதை. வில்லின் பெருமை எய்ததில் இல்லை, ஏந்தி நின்றதில் இருக்கிறது என்று நம்மவர்களும் கண்டிருக்கிறார்கள். சோழர் காலத் திரிபுராந்தகர் செப்புத் திருமேனிகளிலும் அதைக் காணலாம். கையில் வில் இல்லாத படிமத்திலும், விரல்களின் வளைவும் தோளின் சாய்வும் வில்லைக் காட்டிவிடுகின்றன.

இரண்டு மரபுகளும் நிற்கும் விதத்தில் வேறுபடுகின்றன. ஆலீடம் பகைவனை நோக்கிப் பாய்கிறது. கியூடோ இரு கால்களிலும் எடையைச் சமமாக வைத்து நிமிர்கிறது. முன்னதில் வீரம், பின்னதில் நிதானம். என் மனம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

கியூடோ எய்பவரைக் காணொளியிலேனும் காண நேர்ந்தால், இலக்கைப் பார்க்காதீர்கள். பாதத்தில் தொடங்கி முதுகெலும்பு வழியே முழங்கை வரை பார்த்து வாருங்கள். அதற்குக் கண் பழக வேண்டுமானால், அடுத்த முறை தில்லைக் கோபுர வாயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.