பெயரில்லாத கிராமம்

உதாரணம் என்றாலே நம் விமர்சகர்களுக்கு ஒரு இளக்காரம். கோட்பாட்டைச் சொல்லியாச்சு, புரியாதவனுக்கு ரெண்டு உதாரணம், அவ்வளவுதான். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய ‘அரசியலும் ஆங்கில மொழியும்’ கட்டுரையின் ஒரு பத்தி இந்த நினைப்பைக் கலைத்துப் போடுகிறது.

அரசியல் மொழி கொடுமைகளுக்கு வக்காலத்து வாங்குகிறது என்கிற பொதுக்கூற்றோடு தொடங்குகிறார். இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி, ரஷ்யக் களையெடுப்புகள், ஜப்பான்மீது அணுகுண்டு என்று அடுக்குகிறார். இதுவரை வெறும் பட்டியல். பிறகுதான் விஷயம் வருகிறது. ஒரு கிராமம் குண்டுவீச்சில் அழிவதைக் காட்டிவிட்டு, அதற்கு அதிகாரம் வைத்த பெயரைச் சொல்கிறார்: ‘அமைதிப்படுத்தல்’. வரிசையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் முதலில் வந்திருந்தால் அகராதி விளக்கமாகப் போயிருக்கும். எரிகிற குடிசையைப் பார்த்த கண்ணோடு படிப்பதால்தான் சொல்லின் பொய் தெரிகிறது. வாதத்தை நடத்துவது உதாரணமே.

ஆனாலும் எனக்கொரு மனத்தாங்கல். அந்தக் கிராமத்துக்குப் பெயரில்லை, ஆண்டுமில்லை. 1936இல் யானையைச் சுட்டது பற்றி எழுதியபோது, தான் போலீஸ்காரனாக இருந்த பர்மிய ஊரான மௌல்மெய்னை முதல் வாக்கியத்திலேயே சொன்னவர் இவர். இங்கே குண்டு போட்டவன் யாரென்று கேட்டால் பத்தி வாய்திறப்பதில்லை. வாக்கியம் முழுக்கச் செயப்பாட்டுவினை. அதே கட்டுரையின் முடிவில் செயப்பாட்டுவினையைத் தவிர்க்கச் சொல்கிறவரும் இவர்தான்.