கட்டடம் இங்கே, காகிதம் அங்கே

கட்டடக் கலைஞர் லூயி கான் 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்தபோது அவருடைய அலுவலகம் பெருங்கடனில் இருந்தது. கடனுக்கு ஈடாக ஏலத்தில் சிதறியிருக்கக்கூடிய வரைபடங்களைப் பென்சில்வேனியா மாநில அரசு பொதுப்பணத்தில் வாங்கி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விட்டது. ஃபிலடெல்ஃபியாவில், ஃபிராங்க் ஃபர்னஸ் வடிவமைத்து 1891இல் திறக்கப்பட்ட நூலகக் கட்டடத்துக்குள் இயங்கும் ஆவணக் காப்பகத்தில் இன்று அவை இருக்கின்றன. கான் கைப்பட வரைந்தவை மட்டுமே 6,000க்கு மேல்; அலுவலகக் கோப்புகளும் கடிதங்களும் மாதிரி உருக்களும் தனி. காப்பதற்கான பணம் அன்றே கிடைத்துவிட்டது. அவற்றைப் பார்க்க வருபவரின் செலவை யார் ஏற்பது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. ஆய்வுப் பயண நல்கையைக் காப்பகங்கள் தயவாகக் கருதக் கூடாது. அது காப்புப் பணியின் மறுபாதி. அதில் முன்னுரிமை, அந்த ஆவணங்களுக்குரிய கட்டடங்கள் நிற்கும் ஊர்களின் ஆய்வாளர்களுக்கு உரியது.

கானின் மிகப் பெரிய இரண்டு பணிகள் அகமதாபாத்தின் இந்திய மேலாண்மைக் கழகமும் டாக்காவின் நாடாளுமன்றமும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்த அன்டோனின் ரேமண்டின் ஆவணங்களும் இதே காப்பகத்தில்தான் உள்ளன. கடற்கரை வெக்கைக்கு ஏற்ப, திருப்பி மூடும் பட்டைகளால் சுவரையே அமைத்த அந்த கான்கிரீட் கட்டடம், இந்திய நவீனக் கட்டடக்கலையின் தொடக்கச் சாதனைகளுள் ஒன்று. இப்படிக் கட்டடம் ஒரு கண்டத்திலும் அதன் காகிதம் இன்னொரு கண்டத்திலும் கிடப்பதன் விளைவு, இடிக்கலாமா என்ற பேச்சு எழும்போதுதான் தெரியும். 2020 டிசம்பரில் அகமதாபாத் கழகம், கான் வடிவமைத்த 18 மாணவர் விடுதிகளில் 14ஐ அகற்ற முன்வந்தது. செங்கல்லின் தரம், விரிசல், 2001 நிலநடுக்கத்தின் சேதம் ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னது. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதால் 2021 ஜனவரி 1 அன்று பின்வாங்கியது. 2022இல் அதே பேச்சு மீண்டும் வந்தது. செங்கல்லைப் பற்றிய வாதத்துக்கு அனுதாபமோ ஆராதனையோ விடை ஆகாது. எந்த முடிவு எப்போது, யாரால், எதற்காக எடுக்கப்பட்டது என்பதைக் கோப்புகளைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

‘ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டால் பயணமே வேண்டாமே’ என்பது முதல் ஆட்சேபம். இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. கானின் சொந்த வரைபடங்கள் 1987லேயே 7 தொகுதிகளாக அச்சேறிவிட்டன. ஆனாலும் கடிதங்களையும் அலுவலகக் கோப்புகளையும் துருவி, கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் பிரவுன்லீயும் டி லாங்கும் கானைப் பற்றி 1991இல் வெளியிட்ட பெருநூல் அதற்குப் பிறகுதான் வந்தது. கான் மஞ்சள் ட்ரேசிங் தாளில் கரிக்கோலால் வரைவார்; பிடிக்காததைக் கையால் தேய்த்துவிட்டு அதன்மேலேயே திருத்துவார்; ஒரு தாளின்மேல் இன்னொன்றைப் போட்டு, கீழுள்ள கோட்டில் வேண்டியதை மட்டும் மேலே எடுப்பார். எந்தத் தாள் எதன்மேல் கிடந்தது என்பதுதான் அவருடைய சிந்தனையின் வரிசை. தனித்தனிப் படமாகப் பிரித்தால் அந்த வரிசை போய்விடும். அதோடு, எதை முதலில் ஸ்கேன் செய்வது என்று காப்பாளருக்கு எடுத்துச் சொல்வதும் நேரில் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்தான்.

நல்கைகள் இல்லாமல் இல்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மில்கா பிளிஸ்னகோவ் 1985இல் நிறுவிய பெண் கட்டடக் கலைஞர்களுக்கான பன்னாட்டு ஆவணக் காப்பகம், அவர் பெயரிலேயே ஆய்வுப் பரிசு தருகிறது. சிகாகோவின் கிரஹாம் அறக்கட்டளை கட்டடக்கலை ஆய்வுக்கென்றே தனிநபர்களுக்கு நிதி வழங்குகிறது. இந்தியர்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இருக்கிறது. குறை, வழங்கும் முறையில். முதலில் கைப்பணத்தைப் போட்டுச் சென்று, பிறகு ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள் என்னும் விதி, சேமிப்பு இல்லாத முனைவர் பட்ட மாணவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பாஸ்டனிலிருந்து ரயிலில் வருபவருக்கும் மதுரையிலிருந்து விசா எடுத்து வருபவருக்கும் ஒரே தொகை என்பது பார்வைக்குச் சமத்துவம், நடப்பில் தொலைவுக்கு விதிக்கும் அபராதம்.

‘அந்தப் பணத்தில் நம் ஊரிலேயே காப்பகம் அமைக்கலாமே’ என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். இலங்கையின் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1998இல் மறைந்தபின் அவருடைய ஆவணங்களில் பெரும்பகுதி காப்பாரின்றி அழிந்தது; ஆய்வாளர்கள் இன்று அவருடைய தன்வரலாற்று நூலையே பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது. இந்தியக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா தம் வரைபடங்களை லண்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத்துக்கே கொடுத்தார். ஆகவே உள்ளூர்க் காப்பகம் கட்டாயம் வேண்டும். ஆனால் அதை நடத்தப்போகிறவர் பெட்டி எப்படி அடுக்கப்படுகிறது, விவரப்பட்டியல் எப்படி எழுதப்படுகிறது என்பதை ஏற்கெனவே நன்கு இயங்கும் ஓரிடத்தில் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடத் தேவையில்லை.

காப்பகங்கள் செய்யவேண்டியவை மூன்று: தொகையை முன்பணமாகக் கொடுப்பது, தொலைவுக்கேற்ப அதைக் கூட்டுவது, ஆய்வாளர் எடுக்கும் படங்களின் நகலைக் கட்டடம் நிற்கும் ஊரின் நூலகத்தில் வைக்க அனுமதிப்பது. நம் கட்டடக்கலைக் கல்லூரிகள் செய்யவேண்டியது ஒன்று: ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு மாணவரின் காப்பகப் பயணத்துக்காவது இடம் ஒதுக்குவது. இடிப்பு அறிவிப்பு வந்தபின் ஆதாரம் தேடிக் கிளம்பினால் காலம் போதாது.