எப்பாப்பிரோதீத்துவும் நமது அடக்க ஆராதனைப் பிரசங்கங்களும்

குமரி மாவட்டத்துச் சேகரங்களில் ஆயர் ஒருவர் மாரடைப்பால் திடீரென மரிக்கும்போது, அடக்க ஆராதனையில் பிலிப்பியர் 2:30 பிரசங்க வாக்கியமாக எடுக்கப்படுவதைக் கேட்டதுண்டு. ஊழியத்தின் நிமித்தம் மரணத்தின் விளிம்புவரை சென்ற எப்பாப்பிரோதீத்து, மறைந்தவருக்கு ஒப்பாக நிறுத்தப்படுகிறார். இவ்வியாக்கியானம் பவுல் எழுதியதற்கு மாறானது.

எப்பாப்பிரோதீத்து மரிக்கவில்லை, பிழைத்தார். அதனைத் தேவ இரக்கமென்று 27ஆம் வசனம் கூறுகிறது. பவுலோ, தாம் சிறையில் துணை வேண்டியிருந்த வேளையிலேயே அவரை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். தம் நோய்ச் செய்தி சபைக்கு எட்டியதற்காக அந்த ஊழியர் கலங்கினார் என்று 26ஆம் வசனம் காட்டுவதும் கவனிக்கத்தக்கது. இரத்த அழுத்த மாத்திரையைச் சபையாருக்குத் தெரியாமல் விழுங்கும் ஆயர்கள் இவரை அறிவார்கள். நம் பிரசங்கிமார் இவற்றை விட்டு 30ஐ மட்டும் வாசிக்கின்றனர்.

சரீரம் ஆலயம் என்னும் 1 கொரிந்தியர் 6:19க்கும் இதே கதிதான். வேசித்தனத்தைக் குறித்து எழுதப்பட்ட அப்பகுதியை உடல்நலத்துக்கு விரித்துரைப்பதில் தவறில்லை. ஆயின் அவ்விரிவுரை புகையிலையோடும் மதுவோடும் நின்றுவிடுகிறது. இரண்டையும் தொடாத ஆயர் தம்மைப் பத்திரமானவராக எண்ணிக்கொள்கிறார். 52 நாடுகளில் நடத்தப்பெற்று 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, புகைத்தலோடு இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், உடலுழைப்பின்மை ஆகியவற்றையும் மாரடைப்பின் காரணிகளாக நிறுத்தியது. தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், பிறரைவிட ஏறக்குறைய 6 ஆண்டுகள் முன்னதாக வருகிறது என்று அத்தரவுகள் 2007இல் காட்டின. அமெரிக்காவின் வட கரோலினா மாநில மெதடிஸ்டு போதகரிடையே மிகுபருமன் ஏறக்குறைய 40 விழுக்காடு என்றும், அம்மாநிலப் பொதுமக்களைவிட அது 10 விழுக்காட்டளவு அதிகம் என்றும் 2010இல் வெளியான ஆய்வு கண்டது.

நம் நாட்டில் வீட்டு ஜெபக்கூட்டம் ஒவ்வொன்றும் சர்க்கரை மிகுந்த தேநீரோடும், அச்சப்பம், முறுக்கு, நேந்திரங்காய் வறுவலோடும் முடிகிறது. ஒரே மாலையில் மூன்று வீடுகள். ஒரு வீட்டில் மறுத்தாலும் மனத்தாங்கல். முற்காலத்து உபதேசியார் சபைதோறும் நடந்தார். இன்று இருசக்கர வண்டி. பேராயத் தேர்தல் காலத்து இரவுக் கூட்டங்கள் எத்தனை பேருடைய உறக்கத்தைத் தின்கின்றன என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய திருச்சபை இது. ஆலயக் கோபுரத்துக்கு வர்ணம் பூசத் தீர்மானம் எழுதும் சேகரக் கமிட்டி, ஆயரின் வருடாந்தரப் பரிசோதனைக்கும் வாரத்தில் ஒரு ஓய்வுநாளுக்கும் அதே ஏட்டில் தீர்மானம் எழுதலாகாதா? எப்பாப்பிரோதீத்து தாமாக விடுப்புக் கேட்டதாக நிருபத்தில் இல்லை. அனுப்பினவர் பவுல், அவரைச் சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்ளும்படி 29ஆம் வசனத்தில் கட்டளை பெற்றது சபை.