வலது கால் மட்டும் இன்னும் புல்லட்டில்

முசிறி தாண்டி தொட்டியம் போகிற சாலை. ஒரு பக்கம் காவிரி, இரண்டு பக்கமும் வாழை. புது வண்டி வாங்கி ஒன்பதாம் நாள். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போகலாம் என்று வலது காலை அழுத்தினேன். வண்டி திடுக்கென்று இழுத்துப் பிடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் ‘டக்’கென்று மோதியது. நான் அழுத்தியது பிரேக்கை. ஏ.பி.எஸ். இருந்ததால் டயர் வழுக்கவில்லை. பின்னால் வந்த மணல் லாரிக்காரரும் தூரத்திலேயே வந்ததால் திட்டோடு போயிற்று.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மேலே தூக்கினால் ஒன்று, கீழே அமுக்க அமுக்க இரண்டு, மூன்று, நான்கு. 2003-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1996 மாடல் வண்டியை இருபத்தொரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். வண்டியை விற்றுவிட்டேன். காலை விற்க முடியவில்லை.

விற்றதற்குக் காரணம் வண்டி இல்லை, என் இடுப்பு. எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்ன வண்டி என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “செல்ஃப் ஸ்டார்ட்டா?” என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்த வண்டியைக் கிளப்புவது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாவியைப் போட்டு, ஹெட்லைட்டுக்கு மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். முள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இடது கைக்குப் பக்கத்தில் உள்ள டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் துளி நகர்த்தி, அதை விட்டுவிட்டு, முழு உடம்பின் எடையையும் கிக்கரில் இறக்க வேண்டும். சரியாகச் செய்தால் ஒரே உதை. தப்பாகச் செய்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். முழங்கால் எலும்பில் இரண்டு வடு இன்னும் இருக்கிறது.

வாங்க வந்த பையன் துறையூர்ப் பக்கம், இருபத்தைந்து வயது இருக்கும். இதையெல்லாம் அவனுக்கு வகுப்பு எடுக்கத் தயாராக நின்றேன். அவன் முள்ளைப் பார்த்தான், டீகம்ப்ரஷரை இழுத்தான், முதல் உதையிலேயே கிளப்பிவிட்டான். “யூடியூப்ல பாத்திருக்கேன்ணே” என்றான். எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. அந்தக் கடுப்பில் பேரம் பேசக்கூட மறந்துபோய் அவன் கேட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டேன். ஃபார்ம் 29, ஃபார்ம் 30, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் கையெழுத்து முடிந்தபோது, 2026-இல் அடுத்த எஃப்.சி. காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அந்த இடத்துக்கு வந்தது ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, சூப்பர்நோவா. முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, பின்னால் முதுகு சாயும் திண்டு. ரோட்டுக்கு வரும்போது இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் பெரிய வண்டி வாங்கு என்றார்கள் நண்பர்கள். 191 கிலோவை வீட்டு வாசல் சரிவில் ஏற்றிப் பாருங்கள், பெரிய வண்டி ஆசை தானாக அடங்கும். உட்காரும் உயரம் 765 மில்லிமீட்டர்தான். இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதிகின்றன. நிற்கும்போதுதான் கனம், உருள ஆரம்பித்தால் அது எங்கே போகிறதென்றே தெரியவில்லை.

ஒரே கம்பெனி, ஒரே 350 சிசி, அதே ஒற்றை சிலிண்டர். காகிதத்தில் பார்த்தால் மாற்றமே இல்லை. பழையது 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். புதியது 72-க்கு 85.8. இரண்டுமே நீள ஸ்ட்ரோக் இன்ஜின்கள்தான். அதனால்தான் ஐந்தாவது கியரில் ஐம்பதில் போகும்போதும் முக்காமல் இழுக்கிறது. 27 நியூட்டன் மீட்டர் டார்க்கும் 4000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. வித்தியாசம் எங்கே என்றால், 2020-இல் மீட்டியாரோடு அறிமுகமான இந்த ஜே வரிசை இன்ஜினுக்குள் பேலன்சர் ஷாஃப்ட் ஒன்று சுழல்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் அடிக்கிற அடிக்கு எதிர் அடி கொடுத்து அதிர்வைத் தின்றுவிடும். திருவொற்றியூரில் 1950-களிலிருந்து புல்லட் செய்த ஊர்க்காரர்களுக்கு அதிர்வு ஒரு குறை என்றே தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றியதில்லை. பழைய வண்டியில் எழுபதைத் தொட்டால் கண்ணாடியில் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாது. திருச்சியிலிருந்து சென்னை போய் இறங்கினால் டீ கிளாஸைப் பிடிக்கிற கை தானாக ஆடும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

மீட்டியாரில் அதே சாலை. பாடாலூர், பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை என்று தொண்ணூறில் போனேன். கண்ணாடியில் பின்னால் வந்த காரின் நம்பர் பிளேட் தெரிந்தது. தொண்ணூற்றைந்துக்கு மேல் கால் மிதியில் லேசான கூச்சம், நூறுக்கு மேல் இன்ஜின் முனகுகிறது. 20 குதிரைத்திறனிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. 15 லிட்டர் டேங்க், எனக்கு லிட்டருக்கு 34 கிலோமீட்டர் வந்தது. நடுவில் பங்க் பார்க்காமல் தாம்பரம் போய்விட்டேன்.

ஆனால் சொகுசு என்று விற்கப்படுகிற விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதை ஷோரூம் பத்து நிமிட ஓட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. குரூஸர் வகை வண்டிகளில் கால் முன்னால் நீளும். சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். முதல் ஒன்றரை மணி நேரம் ராஜா. அதற்குப் பிறகு உடம்பு எடை மொத்தமும் வால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய புல்லட்டில் கால் நேர்கீழே இருக்கும்; வேகத்தடை வந்தால் கொஞ்சம் எழுந்து அடியை முழங்காலில் வாங்கிக்கொள்ளலாம். இதில் எழ முடியாது. சொல்லாமல் வருகிற வேகத்தடை நேராக இடுப்புக்குத் தந்தி அடிக்கும். ஏழெட்டு நாள் யோசித்துப் பின் ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கத்தைத் தளர்த்தினேன். தனியாகப் போகும்போது அது போதும்; இரண்டு பேரும் பையும் என்றால் திரும்ப இறுக்க வேண்டும். விழுப்புரத்தில் ஒருமுறை, திண்டிவனம் தாண்டி ஒருமுறை இறங்கி நடந்தேன். நூறு கிலோமீட்டருக்கு ஒரு டீ என்று வைத்துக்கொண்டால் டாக்டரும் சம்மதிக்கிறார்.

மனைவியின் தீர்ப்பு தனி. முதுகுத் திண்டு அவளுக்குப் பிடித்திருக்கிறது. பெரம்பலூர் வெயிலில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தே விட்டாள். ஆனால் புல்லட்டின் நீளமான ஒற்றை சீட்டில் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்து பழகியவள். இதில் அப்படி உட்கார்ந்தால் திண்டு தோள்பட்டையில் குத்துகிறது. இப்போதெல்லாம் பயணம் என்றால் சுடிதார்தான். “உன் இடுப்புக்காக என் புடவை போச்சு” என்பாள்.

கொல்லிமலைக்குப் போனது சோதித்துப் பார்க்கவே. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது எளிது, இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் பெரும்பாலான வளைவுகளை அதிலேயே முடித்துவிடலாம். அகலமாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பழையதில் நடுங்க வைத்தது இறக்கம். டிரம் பிரேக் பாதி மலையிலேயே சூடேறி, பிடியில் பஞ்சு மாதிரி ஆகிவிடும். கருகிய வாசனை வரும்போது ஓரங்கட்டிக் குரங்குகளுக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு இறங்குவோம். இப்போது முன்னால் 300 மி.மீ. டிஸ்க், பின்னால் 270. செம்மேட்டிலிருந்து அடிவாரம் வரை பிரேக்கைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை. இறங்கி வந்த பிறகுதான் உறைத்தது: இத்தனை வருடத்தில் அந்த மலையின் மிளகுக்கொடிகளை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. கண் எப்போதும் அடுத்த வளைவிலும், காது இன்ஜினிலும், மூக்கு பிரேக்கிலுமே இருந்தன.

வழிகாட்டும் சின்ன வட்டத் திரை ஒன்று இருக்கிறது, போனோடு இணைத்தால் திரும்ப வேண்டிய இடத்தை அம்புக்குறியில் காட்டும். மலையில் சிக்னல் போனதும் அதுவும் என்னைப் போலவே வழி தெரியாமல் நின்றது. கடிகாரமாகப் பயன்படுத்துகிறேன்.

என் மெக்கானிக் பாயிடம் வண்டியைக் காட்டப் போனேன். சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், டேப்பெட் எங்கே என்று பழக்கத்தில் கை தேடியது. பழைய வண்டியில் ஸ்பேனரும் இரண்டு விரலும் இருந்தால் பத்து நிமிட வேலை. இதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், சென்சார். கோளாறு என்றால் கருவியை மாட்டிப் படிக்க வேண்டும். “நல்ல வண்டிதாண்ணே. எனக்குத்தான் வேலை இல்ல” என்று சொல்லிவிட்டு டீ சொன்னார். இருபத்தொரு வருடம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை வாசலில் கழிந்தது. அந்த ஞாயிறுகளுக்கு மாற்று எந்த ஷோரூமிலும் கிடைக்காது.

புல்லட்டை விட்டு இதற்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு: டெஸ்ட் ரைடை ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிப் போங்கள். வலது கால் கியர்க்காரர்கள் முதல் மாதம் நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம்.

போன வாரம் துறையூர்ப் பையன் போன் செய்தான். வண்டி சூடாக இருக்கும்போது கிளம்ப மறுக்கிறதாம். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஆம்பியர் முள் நடுவுக்கு வருகிற வரை மெதுவாக மிதிக்கச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன். நான்காவது உதையில் கேட்டது. “சரிண்ணே, வச்சிடறேன்” என்றான். கொஞ்ச நேரம் வைக்காதே என்றேன்.