ஹாமினாவின் கடல்நீர்

பின்லாந்தின் தென்கரையில், ஹாமினா நகரத்தருகே மூடிக்கிடந்த காகித ஆலையை 2009இல் கூகுள் நிறுவனம் விலைக்கு வாங்கி, அவ்வாலைக்கென்று முன்பே பாறையில் குடைந்திருந்த சுரங்கத்தின் வழியாகப் பின்லாந்து வளைகுடாவின் குளிர்ந்த நீரை வரவழைத்து, அகோராத்திரமும் இயங்கும் கணினிகளின் உஷ்ணத்தைத் தணிக்கச் செய்துகொண்ட ஏற்பாட்டை நினைக்குந்தோறும் என் மனம் ஆனந்தம் கொள்கிறது. உப்புநீர் அக்கணினிகளை அணுகுவதேயில்லை. வெப்பமாற்றியில் உலோகத் தடுப்பின் ஒருபுறம் கடல்நீரும் மறுபுறம் கணினிக்கூடத்து நீரும் ஓட, வெப்பம் மாத்திரமே கைமாறுகிறது. சூடேறிய நீரை அப்படியே கடலில் கொட்டிவிடாமல், புதிய கடல்நீர் கலந்து ஆற்றிய பின்னரே திருப்பி விடுகிறார்களே, அந்த ஜாக்கிரதையை ஜலஜந்துக்களிடத்துக் காட்டும் தயை என்றே நான் கொள்வேன். எஞ்சும் உஷ்ணத்தை ஊர் வீடுகளுக்கு வெந்நீர் கொண்டுசெல்லும் பொதுக் குழாய்களுக்கு விலையின்றி அளிக்கப்போவதாகவும் 2024இல் அறிவித்தார்கள்.