மீனுக்கு இ-பாஸ் வேண்டாம்

அந்தச் சீனப் பூனையை ஞாபகம் இருக்கிறதா?

2020 பிப்ரவரி. சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கன்டெய்னர் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே பொம்மைகள். பொம்மைகளுக்கு நடுவே, பட்டினியில் சுருண்டு கிடந்த ஒரு பூனை. வைரஸ் பயத்தில் அதைச் சீனாவுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. ‘பீட்டா’ அமைப்பு குறுக்கே வந்து, கூடாது என்று வாதாடியது. வழியில் எந்தத் துறைமுகத்தில் ஏறியதோ, யார் கண்டது? பொம்மைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் கேட்டதாக நான் படிக்கவில்லை. டீக்கடையில் செய்தியை வாசித்துவிட்டு எல்லோரும் சிரித்தோம்.

மூன்றே மாதம். எங்களையே பூனையாக்கிவிட்டார்கள்.

நான் ராயபுரத்துக்காரன். 2020 மே மாதக் கடைசியில் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் தொற்று அதிகம் என்று தினமும் டி.வி.யில் முதலில் வாசித்த பெயர் எங்களுடையது. தெருமுனையில் தகரம் அடித்தார்கள். ‘எந்த ஏரியா சார்?’ என்று கேட்ட ஆட்டோக்காரர், பதிலைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அண்ணன் மகன் போன் பண்ணி, ‘சித்தப்பா, தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்ச நாள் கழிச்சு வாங்களேன்’ என்றான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் கிளம்பியது. அதே ஊர்க்காரன் 2020-ல் ஆற்காட்டுக்குப் போக இ-பாஸ் கேட்டு செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூன்று பக்கம் நிலம் இருந்தும் நாங்கள் தீவாகிப்போனோம்.

தடைகள் தளர்ந்ததும் நடந்த கூத்துதான் எனக்கு மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் காசிமேட்டில் கால் வைக்க இடமில்லை. எங்களைக் கண்டு ஒதுங்கிய நகரம் முழுக்க, வஞ்சிரத்துக்காக வந்து நின்றது. எனக்கு வாடிக்கையாக மீன் தரும் அம்மா சொன்னது இது: “மீனு மட்டும் வோணும், எங்க மூஞ்சி வோணாம். இன்னா நாயம் சார் இது?”

இந்தக் கேள்வி காதில் இருக்கும்போதுதான் அந்த வருஷக் கடைசியில் இலங்கைச் செய்திகளைப் படித்தேன்.

இலங்கை 2020 மார்ச்சில் விமான நிலையங்களை மூடியது. ஆகஸ்டில் திறப்போம் என்று சொல்லி, தள்ளிப்போட்டார்கள். கடைசியில் டிசம்பர் 28-ம் தேதி, சோதனை முயற்சி என்ற பெயரில், மத்தள விமான நிலையத்தில் உக்ரைன் சுற்றுலாப் பயணிகள் சுமார் 180 பேர் வந்து இறங்கினார்கள். சில நாட்களுக்குள் அவர்களில் சிலருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இருந்தாலும், 2021 ஜனவரி 21-ம் தேதி தீவு சுற்றுலாவுக்கு முறைப்படி திறக்கப்பட்டது.

மக்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் இரண்டு கோபங்கள் கலந்திருந்தன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று: இத்தனை மாதம் கட்டிக்காத்த தீவுக்குள் டாலருக்கு ஆசைப்பட்டு வியாதியை அழைத்து வருகிறார்களே என்பது. இயல்பான பயம். ஆனால், இதில் பாதிதான் சரி. 2020 அக்டோபரில், ஒரு சுற்றுலாப் பயணிக்கும் அனுமதி இல்லாதபோதே, கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொட மீன் சந்தையில் தொற்று வெடித்துப் பரவிவிட்டது. கதவைச் சாத்தியிருந்த வீட்டுக்குள்ளேயே வைரஸ் குடியிருந்தது. ஜனங்கள் மீன் வாங்குவதையே நிறுத்த, முன்னாள் மீன்வள அமைச்சர் திலிப் வெதஆரச்சி பத்திரிகையாளர்கள் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அங்கே மீனைக் கண்டு பயந்தார்கள். இங்கே மீனவரைக் கண்டு மட்டும்.

இரண்டாவது கோபம் வேறு ஜாதி. வளைகுடா நாடுகளில் வேலை போய், கையில் காசில்லாமல், ஊர் திரும்ப விமானத்துக்குக் காத்திருந்த இலங்கைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு வரிசை, பட்டியல், வந்தால் தனிமைப்படுத்தல். பலருக்கு அதற்கான ஓட்டல் செலவும் சொந்தப் பொறுப்பு. அந்த நேரத்தில் உக்ரைன்காரர்கள் யாலா காட்டில் உல்லாசமாக ஜீப்பில் சுற்றிப் பார்த்தார்கள். சொந்தப் பிள்ளை வாசலில் நிற்க, விருந்தாளிக்குத் திண்ணையைக் கழுவிவிட்டால் பெற்றவளுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. 2018-ல் அந்தத் தீவுக்கு வந்த பயணிகள் 23 லட்சம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், அந்த வருஷம் 19 லட்சம். 2020-ல் 5 லட்சம். வேன் டிரைவர், ஓட்டல் பையன், இளநீர் விற்கிறவர் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. திறந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. திறந்த வரிசைதான் தப்பு. அவசரப்பட்டுத் திறந்தும் 2021-ல் வந்தவர்கள் 2 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதற்காகவா இத்தனை பேர் மனதை நோகடித்தார்கள்?

இலங்கையைக் குறை சொல்லி முடித்துவிட்டால் எனக்கு சௌகரியம். ஆனால், ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அதே வருஷம், ஊருக்குப் போய்விட்டு எண்ணூர் பக்கம் ஃபேக்டரி வேலைக்குத் திரும்பி வந்தார்கள் சில வடநாட்டுப் பையன்கள். எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவர்கள். ‘அவங்களை உள்ளே விடாதீங்க, வியாதியைக் கொண்டாந்துடுவாங்க’ என்று வீட்டுக்காரரிடம் நாலு பேர் போய் நின்றார்கள். நாலு பேருமே, எங்களுக்குத் தகரம் அடித்தபோது வாய் ஓயாமல் திட்டியவர்கள். பையன்கள் மூட்டையோடு தெருவில் நின்றார்கள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்கள் உழைப்பு வேண்டும், மூஞ்சி வேண்டாம். மீன்கார அம்மா கேட்ட அதே கணக்கு. இந்தத் தடவை கணக்கை எழுதியவர்கள் நாங்கள்.

கதை இன்னும் ஒரு சுற்று வந்தது. 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது இலங்கையில் இருந்த உக்ரைன் பயணிகளுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அவர்களுடைய விசாவைக் கட்டணம் வாங்காமல் நீட்டித்தது இலங்கை. அன்று அவர்கள் டாலரோடு வந்த விருந்தாளிகள் இல்லை, போக இடம் தெரியாமல் நின்றவர்கள். நல்ல காரியம். வளைகுடாவில் நின்றவனுக்கும் அந்த மனசு கிடைத்திருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு பெருந்தொற்று வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்தால் எல்லைகள் மூடும், மூடியது திறக்கும். திறக்கிற அன்று சத்தம் போடத்தான் வேண்டும். முதல் டோக்கன் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அதுவரை ஒரு சின்ன வேலை. ஞாயிற்றுக்கிழமை காசிமேடு வந்தால், செவுளைத் தூக்கிப் பார்த்து பேரம் பேசுகிறீர்கள் அல்லவா? அப்படியே கொஞ்சம் நிமிர்ந்து, மீனை நறுக்கித் தருகிற அம்மாவின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.